பத்தாம் கேள்வியில் அழிந்த நாலு சொல்

றுமானா டீச்சருக்குப் பத்துக்குப் பூச்சியம் போட்டார்கள். ஏழு வருடமாகச் சம்பளம் இல்லாமல் பௌதிகவியல் படிப்பித்தவளுக்குப் பௌதிகவியல் கேள்வியில் பூச்சியம், அதுவும் சரியான விடை சொன்னதற்காக. இதைக் குரல் உயராமல் சொல்லக்கூடியவர் யாராவது இருந்தால் அவர் முன்வந்து சொல்லட்டும். இங்கே அது நடக்காது.

தொண்டர் ஆசிரியர் என்றால் என்னவென்று கல்முனைப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லவேண்டியிருக்கிறது. பாடசாலையில் ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இருக்கமாட்டார். அனுப்பச் சொல்லி அதிபர் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதுவார். ஆள் வராது. கடைசியில் ஊரில் பட்டம் எடுத்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, "வந்து படிப்பிங்க மகள், நியமனம் வரக்குள்ள ஒங்கட பேருதான் முதல்ல" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பிள்ளை வரும். நியமனம் மட்டும் வராது. வரவுப் பதிவேட்டில் மற்ற ஆசிரியர்கள் நீலப் பேனையால் கையெழுத்து வைப்பார்கள். தொண்டர்களுக்குக் கடைசிப் பக்கம். அவர்கள் பென்சிலால்தான் வைக்கவேண்டும். கணக்காய்வுக்கு ஆள் வந்தால் அழித்துவிட வசதியாக இருக்குமாம்.

1991ஆம் ஆண்டிலிருந்து அப்படிப் பென்சிலால் வைத்துக்கொண்டிருந்தாள் றுமானா. கடற்கரைப் பக்கத்துப் பெண்கள் பாடசாலையில் உயர்தரப் பௌதிகவியல் முழுவதும் அவள் தலையில். முன்னர் அங்கே பௌதிகவியலே இல்லை. விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்ட பெண்பிள்ளைகள் வாய்பேசாமல் கலைப்பிரிவுக்குப் போனார்கள். அவள் வந்த பிறகு வருடத்துக்கு மூன்று, நான்கு பேர் பல்கலைக்கழகம் போனார்கள். இரண்டு பேர் டொக்டருக்குப் படித்தார்கள். அந்த இரண்டு பேரின் படத்தையும் மாட்டி, கீழே அதிபரின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

மருதமுனையில் கைத்தறி நெய்யும் அப்துல் ஸமட்டின் மூத்த மகள் அவள். தறிச் சத்தத்துக்கு நடுவே கணக்குச் செய்து பழகியவள் என்பதால் வகுப்பில் சத்தம் இருந்தாலும் அவளுக்கு உறைக்காது. சத்தம் நின்றால்தான் நிமிர்ந்து பார்ப்பாள். வந்தாறுமூலை வளாகத்தில் படித்த காலத்தில், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த ஒரு விரிவுரையாளர் அவளிடம் பன்னிரண்டு பக்கப் போட்டோக் கொப்பியைக் கொடுத்து, இதைப் படித்து வகுப்புக்கு விளக்கு என்றார். ஒளி ஓர் அணுவிலிருந்து இரண்டு இலத்திரன்களை ஒரே தடவையில் வெளியேற்றினால், அவை சக்தியை எப்படிப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்பதுதான் விஷயம். அவள் ஒரு மாதம் அதிலேயே கிடந்தாள்.

விஷயம் இவ்வளவுதான். ஈலியம் அணுவில் இரண்டே இரண்டு இலத்திரன்கள் இருக்கின்றன. ஒளியின் ஒரு துணுக்கு, அதாவது ஒரு போட்டோன், வந்து தன் சக்தியைக் கொடுக்கிறது. ஒளி பிடித்து இழுப்பது ஒரு இலத்திரனைத்தான். ஆனாலும் சில வேளைகளில் இரண்டும் வெளியே வந்துவிடுகின்றன, ஏனென்றால் அவை இரண்டும் ஓயாமல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருப்பவை. நெரிசல் பஸ்ஸில் மிதிபலகையில் நிற்பவரைக் கொண்டக்டர் கையைப் பிடித்து இழுத்தால், அவரை இடித்துக்கொண்டு நின்றவரும் சேர்ந்து தெருவில் இறங்கிவிடுகிறார் அல்லவா, அப்படி.

இரண்டையும் வெளியே எடுப்பதற்கு, இலத்திரன்வோல்ற்று என்ற அலகில், எழுபத்தொன்பது சக்தி செலவாகிறது. வந்த போட்டோனிடம் தொண்ணூற்றொன்பது இருந்தால் இருபது மிஞ்சும். அந்த இருபதை இரண்டும் பங்கிட்டுக்கொண்டு ஓடுகின்றன. பத்தும் பத்துமாக இருக்கலாம். பத்தொன்பதும் ஒன்றுமாகவும் இருக்கலாம். இருபது போன்ற சிறு மீதியில் எந்தப் பங்கீடும் ஏறக்குறைய ஒரே அளவு சாத்தியம். மீதி பல நூறாக ஏறினாலோ, பெரும்பாலும் ஒன்றே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும், மற்றது கொஞ்சத்தோடு பின்னால் வரும். மாறாத விதி ஒன்றே ஒன்றுதான், இரண்டின் பங்கையும் கூட்டினால் அந்த மீதி வரவேண்டும். ஒரு தனி இலத்திரனைக் காட்டி இதற்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்டால், அளந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

தொண்ணூறாம் ஆண்டு மே மாதம் இறுதிப் பரீட்சை முடித்து வீட்டுக்கு வந்தாள். ஜூனில் சண்டை தொடங்கியது, பாதை மூடியது. விடுதியில் விட்டுவந்த பெட்டியும் அந்தப் பன்னிரண்டு பக்கமும் போனது போனதுதான். பட்டம் மட்டும் அடுத்த வருடம் தபாலில் வந்து சேர்ந்தது.

1998 பெப்ரவரியில், ஏழு வருடத்துக்குப் பிறகு, நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. பௌதிகவியலுக்கு ஒரே ஒரு இடம். வயதெல்லை முப்பத்தைந்து. றுமானாவுக்கு மே மாதம் முப்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் அவளுக்கு வேறு நேர்முகம் கிடையாது, இனி எந்தக் காலத்திலும் அவள் ஆசிரியை ஆக முடியாது. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். கணவர் முஸ்தாக், கல்முனை பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவர், அன்று காலை அவளை ஏற்றிய பஸ்ஸை இரண்டு நிமிடம் முந்தியே புறப்பட விட்டார். பதினான்கு வருட சேவையில் அவர் செய்த ஒரே மோசடி அது.

குழுவின் தலைவர் மசூர் சேர், ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. பக்கத்தில் கணித உத்தியோகத்தர் ஒருவரும், தேநீர் எப்போது வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவரும் இருந்தார்கள். ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. நான்கை அவள் ஒழுங்காக முடித்தாள். ஐந்தாவதை மசூர் சேர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்.

"தொண்ணூற்றொன்பது இலத்திரன்வோல்ற்றுப் போட்டோன் ஒண்டு ஈலியத்தில இரிந்து ரெண்டு இலத்திரனையும் வெளியேத்துது. அதுக்கு எழுவத்தொன்பது செலவு. ஒவ்வொரு இலத்திரன்ட இயக்கசக்தியும் என்ன?"

றுமானாவின் முகம் மலர்ந்தது. ஏழு வருடமாக இந்தக் கதை பேச ஆளில்லாமல் இருந்தவள் அவள்.

"தனித்தனியாச் சொல்ல ஏலாது சேர். ரெண்டும் சேர்ந்தா இருவது."

"விடை வேணும் டீச்சர். இலக்கத்தில சொல்லுங்க. தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லுங்க."

"தெரியும் சேர். சொல்ல ஏலாதெண்டுதான் தெரியும்."

கணித உத்தியோகத்தர் தலையை நிமிர்த்தினார். மசூர் சேர் தாளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார். றுமானா விளக்கப் போனாள். எல்லோருக்கும் பழக்கமான ஒன்றைச் சொன்னால் விளங்கும் என்று நினைத்தாள்.

"கந்தூரியில ஆறு பேர் ஒரு சஹனைச் சுத்தி இரிந்து சாப்பிடுறாங்க சேர். சஹன்ல எவ்வளவு சோறு போட்ட எண்டு போட்ட ஆளுக்குத் தெரியும். சாப்பிட்டு எழும்பின பொறகு, ஒரு ஆளக் காட்டி, இவர் எவ்வளவு சாப்பிட்ட எண்டு கேட்டா, ஆறால பிரிச்சிச் சொல்ல ஏலுமா?"

"ஏன் ஏலாது?" என்றார் மசூர் சேர். "அவரவருக்கு முன்னால இரிக்கிறத அவரவர் சாப்பிடுற. அதுதானே நம்மட முறை. ஆறில ஒண்டுதான்."

மற்ற எந்த ஊரிலும் ஒரு படித்த மனிதர் இப்படிச் சொல்லியிருக்கமாட்டார். ஒரே தட்டில் சாப்பிடுவதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. அடுத்தவர் பக்கம் கைபோடக் கூடாது என்பது மரியாதை. அந்த மரியாதையையே அவர் கணக்காக எடுத்துக்கொண்டார். இத்தனைக்கும் மசூர் சேருடன் ஒரே சஹனில் உட்காருகிறவர்கள் வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை சாப்பிடவேண்டும் என்பது கடற்கரைப் பள்ளிவாசல் தொடக்கம் சந்தை வரைக்கும் தெரிந்த செய்தி. அவருடைய வயிறே மேசைக்கு மேலால் எட்டிப்பார்த்து அதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. றுமானா அதைச் சொல்லவில்லை, குனிந்துகொண்டாள். சொல்லியிருக்கலாம். பத்துப் புள்ளி எப்படியும் போகத்தான் போனது.

"விடை பத்து, பத்து" என்று தாளைத் தட்டிக் காட்டினார் அவர். "இதுகூடத் தெரியாம உயர்தரம் படிப்பிக்கிறீங்க."

பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். நேர்முகத்தோடு பட்டம், சேவை, விளையாட்டுப் புள்ளிகளும் கூட்டி, குணம் அறுபத்தெட்டு, றுமானா ஐம்பத்தைந்து. குணம் பாண்டிருப்பைச் சேர்ந்த தொண்டர் ஆசிரியர், வளாகத்தில் அவளுக்கு இரண்டு வருடம் இளையவர். விளையாட்டுக்கென்று ஒதுக்கிய புள்ளிகளில் கைப்பந்துக்காக அவருக்கு நிறையவே கிடைத்திருந்தது. றுமானாவுக்கு அந்த வரிசையில் ஒரு சின்னக் கோடுதான். ஒரு பெண் வளாகத்தில் கைப்பந்து ஆடினாளா என்று கேட்பதற்கு அந்தக் குழுவுக்கு எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை.

ஊரில் சிலர் இதைத் தமிழர், முஸ்லிம் என்ற கதையாக்கப் பார்த்தார்கள். வீட்டுக்கே வந்து உசுப்பினார்கள். றுமானா அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டாள். அவளுக்குக் குணத்தின் மேல் கோபம் இல்லை. அவளுடைய கோபமெல்லாம் அந்த விடையின் மேல், பத்து, பத்து என்று தாளைத் தட்டிய அந்த விரலின் மேல். பிழையான ஒன்றைச் சரியென்று அச்சடித்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்தவளைத் தெரியாதவள் என்று சொல்லும் துணிச்சல் ஒரு மனிதருக்கு எங்கிருந்து வருகிறது என்று அவள் சமைக்கும்போதும் கேட்டாள், துவைக்கும்போதும் கேட்டாள். மேன்முறையீட்டுக்கு மூன்று வாரம் இருந்தது. கேள்வி பிழை என்று எழுதினாள். ஆதாரம் இணைக்கவும் என்று பதில் வந்தது. பன்னிரண்டு பக்க ஆதாரம் எட்டு வருடத்துக்கு முன்பே போய்விட்டது, ஊரில் அந்த மாதிரிப் புத்தகம் எந்த நூலகத்திலும் கிடையாது. குழு அந்தக் கேள்வியை எங்கே எடுத்தது என்றாவது கண்டுபிடிக்கவேண்டும் என்று அலைந்தாள்.

அதைக் கொண்டுவந்தவர் குணமேதான். ஒரு பின்னேரம் டிப்போவில், முஸ்தாக்கின் நேரப் பலகைக்குப் பக்கத்தில், அவளுக்காகக் காத்து நின்றார்.

"அக்கா, நேர்முகத்தில பத்து, பத்து எண்டு நான் விரும்பிச் சொல்லல. ரெண்டு வருசமா இந்தப் பேப்பரத்தான் ரியூசனில படிப்பிக்கிறன். இதில அப்பிடித்தான் கிடக்கு" என்று ஒரு தாளை நீட்டினார். "மசூர் சேர்ட கையிலயும் இதுதான் கிடந்தது. நான் கண்டன்."

தட்டச்சில் அடித்து, அதைக் கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியிலிருந்து இன்னொரு கொப்பி எடுத்த தாள். பெயர் இல்லை, ஊர் இல்லை. பத்துக் கேள்வியும் கீழே விடைகளும் இருந்தன. விடைகளைப் பின்னால் யாரோ சேர்த்திருந்தார்கள். பத்தாவது அதே கேள்வி. றுமானா மேலிருந்து வாசித்துக்கொண்டு வந்தாள். ஏழாவதில் அவள் கண் நின்றது. கைத்தறியொன்றில் இருநூறு கிராம் நிறையுள்ள நாடா செக்கனுக்கு ஐந்து மீற்றர் வேகத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் எறியப்படுகிறது, அதன் உந்தம் என்ன என்று கேட்டிருந்தது. தறியில் ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடாக் கட்டையை வைத்துப் பௌதிகவியல் கேள்வி போடும் ஆள் இந்தக் கரையில் ஒருத்திதான் இருந்தாள்.

"இது என்ட பேப்பர்" என்றாள்.

குணம் தலையாட்டினார். அவருக்கு அது முன்பே பட்டிருக்கவேண்டும்.

"ஆனா நான் இப்பிடிப் போடல. நான் போட்ட கேள்வியில சமமாப் பிரிஞ்சா எண்டு இரிக்கி. எவனோ அத விட்டுட்டு அடிச்சிரிக்கான்."

வீட்டுக்கு வந்து அலுமாரிக்கு மேலிருந்த கட்டை இறக்கினாள். பாடசாலையில் றோணியோ மெஷின் ஒன்று இருந்தது. மெழுகுத் தாளான ஸ்டென்சிலில் ஊசிப்பேனையால் எழுதி அதில் மாட்டிச் சுற்றினால் தாள் தாளாக வந்து விழும். ஸ்டென்சிலுக்குப் பஞ்சம் என்பதால், பாவித்ததைப் பழைய பத்திரிகைக்கு நடுவே வைத்து மறுவருடத்துக்கு எடுத்துவைப்பாள். பத்திரிகைகளைப் பிரித்துப் பிரித்துத் தேடி, 1993ஆம் ஆண்டு இரண்டாம் தவணை ஸ்டென்சிலை எடுத்தாள். மை காய்ந்து கறுத்திருந்தது. யன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

பத்தாம் கேள்வியின் நடுவே ரோசா நிறத்தில் ஒரு பூச்சு இருந்தது. ஸ்டென்சிலில் பிழை விட்டால் மேலே பூசி மூடுகிற திரவம் அது, நகப்பூச்சு மாதிரி இருக்கும். பூச்சுக்கு அடியில், வெளிச்சம் படப் பட, அவளுடைய சொந்தக் கையெழுத்துத் தெரிந்தது. 'மீதியை இரண்டும் சமமாகப் பகிர்ந்தால்.' நாலு சொல்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அந்த வருடம் ஒரு பாடத்துக்கு ஒரு தவணைக்கு ஒரே ஒரு ஸ்டென்சில் என்று அதிபர் கட்டளை போட்டிருந்தார். பத்துக் கேள்வியையும் ஒரு பக்கத்துக்குள் அடக்கவேண்டும். கடைசி வரி விளிம்புக்கு வெளியே போனது. நாலு சொல்லை மூடி, அந்த இடத்திலேயே மிச்சக் கேள்வியை எழுதினால் ஒரு வரி மிஞ்சும். வகுப்பில் வாயால் சொல்லிவிடலாம் என்று மூடினாள். வகுப்பில் சொல்லவும் சொன்னாள். நாற்பது பிள்ளைகளும் அந்த நாலு சொல்லைப் பேனையால் எழுதிக்கொண்டார்கள். ஆனால் எழுதாத ஒரு தாள் எப்படியோ படலையைத் தாண்டிப் போய், தட்டச்சாகி, விடை முளைத்து, ரியூசன் ரியூசனாகச் சுற்றி, ஐந்து வருடம் கழித்து மசூர் சேரின் மேசையில் வந்து உட்கார்ந்து, அவளுக்கே பூச்சியம் போட்டிருக்கிறது.

அவள் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளாக ஊர் முழுக்கத் தேடிக்கொண்டிருந்த அந்த எவனோ அவளேதான். கோபம் போக இடமில்லாமல் அவள் மேலேயே திரும்பி விழுந்தது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. பிறகு ஸ்டென்சிலுக்கு வழி இல்லாத ஒரு பாடசாலையில் தன்னைச் சம்பளமில்லாமல் வைத்திருந்தது யார் என்று யோசித்தாள். கோபம் பாதி பழைய இடத்துக்கே போனது.

முஸ்தாக் வந்து பார்த்தார். "இத அடுப்பில போடு" என்றார். "பேப்பர் ஆர்ட எண்டு குணத்தத் தவிர ஆருக்கும் தெரியாது. அந்தப் பொடியனும் சொல்லமாட்டான். கேள்வி பிழை எண்டு மட்டும் போய்ச் சொல்லு."

"இதப் போட்டா காட்ட என்னட்ட வேற என்ன இரிக்கி? வாய் மட்டும்தான் இரிக்கி. வாய்க்குத்தானே பூச்சியம் போட்டாங்க."

"இதக் காட்டினா ஒன்ட பிழைதான் முன்னுக்கு நிக்கும் றுமானா."

"நிக்கட்டும். பொறகால சரியும் நிக்கும்."

அதே அறை, அதே மேசை. மசூர் சேர் ஸ்டென்சிலை யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஐந்து வருட மை அவருடைய விரலிலும், அங்கிருந்து வெள்ளைச் சட்டையிலும் ஒட்டிக்கொண்டது. அதற்கு மட்டும் அவள் கொஞ்சம் சந்தோசப்பட்டாள். கணித உத்தியோகத்தர் அதை வாங்கி அந்த நாலு சொல்லையும் சத்தமாக வாசித்தார்.

"டீச்சர் சொன்னது சரிதான் சேர்" என்றார் அவர். "இந்த நாலு சொல் இல்லாட்டிப் பத்து, பத்து எண்டு வராது. சொல்ல ஏலாதெண்டதுதான் விடை."

"அப்ப அழிச்ச ஆரு?" என்று கேட்டார் மசூர் சேர்.

"நான்தான் சேர். என்ட பிழைதான், நான் மறுக்கல்ல" என்றாள் றுமானா. "ஆனா அழிச்ச கேள்வியத்தான் நீங்க என்னட்டக் கேட்ட. கேட்ட கேள்விக்கு நான் சொன்ன விடை சரி."

மசூர் சேர் கைலேஞ்சியால் விரலைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். துடைக்கத் துடைக்க அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நியாயமான மனிதர் என்று தன்னைப் பற்றித் தானே முடிவெடுத்துவிட்ட ஆளின் நிம்மதி அது.

"டீச்சர்ட பக்கத்திலயும் பிழை இரிக்கி, எங்கட பக்கத்திலயும் பிழை இரிக்கி. வம்பு வேணாம். அந்தப் பத்துப் புள்ளியப் பாதியாப் பிரிப்பம். ஒங்களுக்கு அஞ்சு, குணத்துக்கு அஞ்சு. ஆருக்கும் அநியாயம் இல்ல."

அநியாயம் இல்லையாம். கணக்கைப் பாருங்கள். சரியான விடைக்குப் பத்தும் பிழையான விடைக்குப் பூச்சியமும் போட்டிருந்தால் றுமானா அறுபத்தைந்து, குணம் ஐம்பத்தெட்டு. வேலை அவளுக்கு. பாதி பாதியாகப் பிரித்ததில் றுமானா அறுபது, குணம் அறுபத்துமூன்று. வேலை குணத்துக்கு. பிழையைப் பிழை என்று ஒப்புக்கொண்டார்கள், சரியைச் சரி என்றும் ஒப்புக்கொண்டார்கள், பிறகு இரண்டுக்கும் ஒரே விலை வைத்தார்கள். கேள்வியே சமமாகப் பிரியும் என்று யார் சொன்னது என்பதுதான். அந்தக் கேள்விக்கான புள்ளியையே சமமாகப் பிரித்துவிட்டு, தீர்ப்புச் சொன்ன திருப்தியில் தேநீர் கொண்டுவரச் சொன்னார்கள். கணித உத்தியோகத்தர் வாயைத் திறந்தார். மசூர் சேர் கையைக் காட்டினார். அவர் மூடிக்கொண்டார்.

றுமானா எழும்பி ஸ்டென்சிலைப் பத்திரிகைக்குள் வைத்து மடித்தாள். "சேர், ஈலியம்கூட இப்பிடிச் செய்யாது" என்று மட்டும் சொன்னாள். சிரிப்பதா கோபிப்பதா என்று மசூர் சேருக்குத் தெரியவில்லை.

மே மாதம் அவளுக்கு முப்பத்தைந்து முடிந்தது. ஜூன் முதலாம் திகதி குணத்துக்கு நியமனக் கடிதம் வந்தது. எங்கே போட்டார்கள் என்று கேட்க வேண்டாம். பௌதிகவியலுக்கு வெற்றிடம் இருந்த ஒரே பாடசாலை, ஏழு வருடமாக அவள் நிரப்பிக்கொண்டிருந்த அந்தப் பாடசாலைதான்.

கடிதத்தோடு முதலில் அவர் வந்தது றுமானாவின் வீட்டுக்கு. வாசலிலேயே நின்றார்.

"நான் இத ஏற்கல்லெண்டு எழுதிக் குடுக்கட்டா அக்கா?"

"குடுத்தா எனக்கு வருமா? வயசு போச்சு. அந்தப் புள்ளைகளுக்குத்தான் ஆள் இல்லாமப் போகும்." அவள் குரலில் கனிவு இல்லை. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. "உள்ளுக்க வாங்க. பாதி பாதியாப் பிரிஞ்சா ரெண்டு இலத்திரனும் நேரெதிராப் போக ஏலாது, தெரியுமா? எல்லாப் பக்கமும் போகலாம், முதுகோட முதுகு காட்டிப் போறது மட்டும் ஏலாது. அதயும் படிப்பிச்சிட்டுத்தான் போவன். கொப்பியும் பேனையும் கொண்டு வந்தீங்களா?"

குணம் கொண்டுவந்திருந்தார். மூன்று பின்னேரம் அவள் சொல்லச் சொல்ல எழுதினார்.

பொறுப்புக் கொடுக்கும் நாளில் மசூர் சேரே வந்தார். ஓய்வுபெற்றவர்களுக்கு இப்படியான நாட்கள் தேவைப்படும். உயர்தர வகுப்பில் குணத்தை அறிமுகப்படுத்தி, ஆசிரியத் தொழிலின் புனிதம் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். றுமானா பின்வரிசை வாங்கில் ஆய்வுகூடச் சாவியோடு உட்கார்ந்திருந்தாள். பேசி முடிந்ததும் அவருக்குப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கும் ஆசை வந்தது. தெரிந்த கேள்வி அவரிடம் ஒன்றுதான் இருந்தது.

"தொண்ணூற்றொன்பது இலத்திரன்வோல்ற்றுப் போட்டோன் ஈலியத்தில இரிந்து ரெண்டு இலத்திரனையும் வெளியேத்துது. செலவு எழுவத்தொன்பது. ஒவ்வொண்டுட சக்தியும் என்ன?"

நாற்பது பெண்பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். "தனித்தனியாச் சொல்ல ஏலாது சேர்."

மசூர் சேர் குணத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மாஸ்டர்."

குணம் நிலத்தைப் பார்க்கவில்லை, பின்வரிசையில் இருந்த றுமானாவைப் பார்த்தார். "சொல்ல ஏலாது சேர்" என்றார். "பெப்ரவரியில நான் சொன்னது பிழை."

அந்த வகுப்பு முழுவதும், பிழை சொல்லி வேலை எடுத்தவர் உட்பட, அவளுடைய விடையைச் சொன்னது. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும். வேறொரு மனிதராக இருந்தால் அந்த இடத்திலேயே கடிதத்தைத் திருப்பி வாங்கியிருப்பார், குறைந்தபட்சம் வெட்கப்பட்டிருப்பார். மசூர் சேர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கீங்க டீச்சர்" என்று பாராட்டினார்.

பிறகு ஆய்வுகூடச் சாவியையும் சாமான் பட்டியலையும் ஒப்படைத்ததற்கான படிவத்தை மேசையில் வைத்தார். றுமானா வழக்கம்போலப் பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். அவர் தன்னுடைய பேனையைக் கழற்றி நீட்டினார்.

"பேனையால போடுங்க டீச்சர்" என்றார். "இதுக்குப் பென்சில் செல்லாது."

ஏழு வருடத்தில் அவளிடம் பேனையால் கையெழுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.